வென்ற கோரிக்கைகள், கரைந்த கட்சி

மான்செஸ்டர் நகரின் நடுவே, பீட்டர் தெருவில், விக்டோரியா காலத்து முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று அந்த இடம் திறந்த வெளியாக இருந்தது. நாடாளுமன்றத்தைச் சீர்திருத்தக் கோரி அங்கே கூடிய பெருங்கூட்டத்தின் மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். பின்னர் அதே மண்ணில் தாராளவாதிகள் தானிய வரியை ஒழித்த வெற்றியின் நினைவாகச் சுதந்திர வணிக மண்டபத்தைக் கட்டினார்கள். இன்றுள்ள முகப்பு 1856-இல் எழுந்தது. தானிய வரியைப் பற்றியும் வாக்குரிமையைப் பற்றியும் மணிக்கணக்கில் நீண்ட உரைகளை அன்று ஆயிரக்கணக்கானோர் அங்கே கேட்டார்கள். இன்று அந்த முகப்புக்குப் பின்னால் இயங்குவது ஒரு நட்சத்திர ஓட்டல்.

பிரிட்டனில் தீவிரத் தாராளவாதம் என்ற இயக்கத்தின் கதையும் ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் இருக்கிறது. 1906 தேர்தலில் அந்த இயக்கத்தின் களமான லிபரல் கட்சி மக்கள் சபையில் 397 இடங்களைப் பெற்றது. 1951-இல் அதற்குக் கிடைத்தவை 6 இடங்கள், வாக்கு 2.5 சதவீதம். இடைப்பட்ட 45 ஆண்டுகளில் அதன் கோரிக்கைகள் ஒவ்வொன்றாகச் சட்டமாகிக்கொண்டே வந்தன, கட்சி மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. கொள்கை வென்று கட்சி தோற்ற இந்த விந்தையை விளங்கிக்கொள்ள, அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1831 வரை, குடியிருப்பே இல்லாத ஓல்ட் சாரம் என்ற மேடு நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. பருத்தி ஆலைகளால் வளர்ந்து நின்ற மான்செஸ்டருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஜெரமி பெந்தாமும் ஜேம்ஸ் மில்லும் அவர்களைச் சுற்றியிருந்த, ராடிக்கல்கள் எனப்பட்ட தீவிரத் தாராளவாதிகளும் இதைத்தான் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஒரு சட்டம் பழையது என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது, அதனால் எத்தனை பேருக்கு என்ன நன்மை என்பதே கேள்வி என்றார்கள். 1832-இன் சீர்திருத்தச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது ஜூன் 7-இல். பெந்தாம் முந்தைய நாளே இறந்துவிட்டார். அந்தச் சட்டத்துக்குப் பிறகும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே வாக்கு இருந்தது. இன்று 18 வயது நிறைந்த ஏறக்குறைய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் வாக்கு இருக்கிறது.

அன்று அரசியல் செய்த முறையும் வேறு. தானியச் சட்டங்களை எதிர்த்து 1838-இல் மான்செஸ்டரில் தொடங்கிய இயக்கம், ரிச்சர்ட் காப்டன், ஜான் பிரைட் ஆகியோரின் தலைமையில் நாடெங்கும் சொற்பொழிவாளர்களை அனுப்பியது. 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் வந்ததும் துண்டுப் பிரசுரங்களைக் கட்டுக்கட்டாக வீடுகளுக்கு அனுப்பியது. இறக்குமதித் தானியத்தின் மீதான வரி நிலப்பிரபுவின் வருமானத்தைக் காத்து ஏழையின் ரொட்டியின் விலையை ஏற்றுகிறது என்ற ஒரே வாதத்தை எட்டு ஆண்டுகள் விடாமல் சொன்னது. 1846-இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ராபர்ட் பீல் தன் கட்சியே உடையும் என்று தெரிந்தும் அந்தச் சட்டங்களை நீக்கினார். ஆட்சியில் இல்லாத ஓர் இயக்கம், வாதத்தின் வலிமையால் ஆளுங்கட்சித் தலைவரின் மனத்தை மாற்றியது. இன்று அந்த மரபின் வாரிசான லிபரல் டெமாக்ரட் கட்சியும் துண்டுப் பிரசுரத்தைக் கைவிடவில்லை. 1970-கள் முதல் அந்த மரபின் தொண்டர்கள் வீடு வீடாகப் போடும் தாள்களில் தெருவிளக்கும் பேருந்தும் பள்ளமான சாலையும் இருக்கின்றன. அவை வேண்டியவையே. ஆனால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்ட வாதம் அவற்றில் இல்லை.

ராடிக்கல்களின் துணிவுக்கு இரண்டு பெயர்கள் போதும். முதலாமவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1867 மே 20 அன்று, வாக்குரிமை மசோதாவில் ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டு நபர் என்று எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த சபையில் 73 பேர் கிடைத்ததே பெரிது. 2024-இல் தேர்வான 650 உறுப்பினர்களில் 263 பேர் பெண்கள்.

இரண்டாமவர் சார்லஸ் பிராட்லா. நாத்திகர். 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்றவரைச் சபை ஏற்க மறுத்தது. மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்தும் வைத்தது. இடைத்தேர்தல்களில் திரும்பத் திரும்ப வென்று, 1886-இல்தான் அவர் தன் இருக்கையில் அமர முடிந்தது. இறைவன் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கும் உரிமையை 1888-இல் அவரே சட்டமாக்கினார். இன்று அந்த உரிமையைப் பயன்படுத்தும் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அது செய்தியாகக்கூட வருவதில்லை.

பிராட்லாவின் குரல் நம் ஊருக்கும் எட்டியது. 1880-களில் சென்னை லௌகிக சங்கம் நடத்திய 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழ் அவருடைய சுயசிந்தனை இயக்கத்தோடு உறவு கொண்டிருந்தது. 1889-இல் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்த பிராட்லா, இந்தியாவுக்காக மக்கள் சபையில் ஓயாமல் பேசியவர். 1891-இல் அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்றவர்களில் லண்டனில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தியும் ஒருவர். மறு ஆண்டு, தாதாபாய் நௌரோஜி லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்று, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ராடிக்கல்கள் நகராட்சியிலும் தங்கள் கொள்கையைச் செய்துகாட்டினார்கள். ஜோசப் சேம்பர்லின் 1873 முதல் 1876 வரை பர்மிங்காமின் மேயர். தனியாரிடம் இருந்த எரிவாயு நிறுவனங்களையும் குடிநீர் நிறுவனத்தையும் நகராட்சியே வாங்கியது. எரிவாயுவின் லாபம் நகரின் சுமையைக் குறைக்கலாம், குடிநீரில் மட்டும் லாபம் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. குடிசைகள் நெருங்கிக் கிடந்த இடத்தை இடித்து அகலமான புதுச் சாலை போட்டார்கள். இன்று பர்மிங்காமின் எரிவாயுவும் குடிநீரும் தனியாரிடம்: முன்னது 1986-இலும் பின்னது 1989-இலும் தனியார்மயமானது. 2023 செப்டம்பரில் அந்த நகராட்சி, வரவுக்கும் செலவுக்கும் ஈடுகட்ட முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்து, கட்டாயமில்லாத புதுச் செலவுகளை நிறுத்தியது. ஐரோப்பாவின் பெரிய நகராட்சிகளில் ஒன்று அது. ஒரு காலத்தில் நகராட்சி என்றால் என்ன செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர், அதன்பின் நூலகங்களின் நேரத்தைக் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்தது.

அந்தச் சேம்பர்லின்தான் கட்சியின் முதல் பெரும் பிளவுக்கும் காரணமானார். 1886-இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் மசோதா கொண்டுவந்தபோது 93 லிபரல் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். சேம்பர்லின் அவர்களோடு போனார்; பின்னாளில் கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து பேரரசின் குரலானார். உள்ளூரில் சமத்துவம் பேசியவருக்கு அயர்லாந்து என்றதும் அது கசந்தது. இயக்கத்தின் நோய் முதலில் வெளித்தெரிந்தது இங்கேதான்.

ஆனாலும் அதன் பொற்காலம் அதற்குப் பிறகே வந்தது. 1902-இன் கல்விச் சட்டத்தால் கொதித்துப்போன, அரசுத் திருச்சபையைச் சாராத புராட்டஸ்டண்ட் சபைகள் லிபரல் கட்சியின் பின்னால் திரண்டன. சுதந்திர வணிகத்தைக் கைவிட்டால் ரொட்டி சிறுத்துப்போகும் என்று பெரிய ரொட்டியையும் சின்ன ரொட்டியையும் சுவரொட்டிகளில் காட்டினார்கள். 1906-இல் வேல்ஸில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த வெற்றியில் வந்த அரசு ஐந்தாறு ஆண்டுகளில் செய்தவற்றை இன்றைய எண்களோடு சேர்த்துப் பார்க்கலாம்.

1909 ஜனவரி முதல் நாள், 70 வயதைக் கடந்த ஏழைகள் தபால் நிலையங்களுக்குச் சென்று முதல் முதியோர் ஓய்வூதியத்தைப் பெற்றார்கள். வாரத்துக்கு 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்டு. ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்குள் இருந்தால் முழுத்தொகை. அதுவரை முதுமையில் கைவிடப்பட்டவருக்கு எஞ்சியிருந்தது ஏழைகள் விடுதியும் அதன் அவமானமும்தான். 2024-25-இல் புதிய அரசு ஓய்வூதியத்தின் முழுத்தொகை வாரத்துக்கு 221.20 பவுண்டு, அந்த ஆண்டு அது 66 வயதில் தொடங்கியது. தொகையின் வேறுபாட்டைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அன்று அது புரட்சி, இன்று அதைக் குறைக்கப் போவதாகச் சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிவு வராது.

1911-இன் தேசியக் காப்பீட்டுச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவரையும் சில தொழில்களில் வேலையிழந்தவருக்கு உதவித்தொகையையும் தந்தது. அதே ஆண்டு முதல்முறையாக மக்கள் சபை உறுப்பினர்களுக்குச் சம்பளம் வந்தது: ஆண்டுக்கு 400 பவுண்டு. சொத்து இல்லாதவரும் உறுப்பினராக இருக்கலாம் என்பதே அதன் பொருள். 2024-இல் அந்தச் சம்பளம் 91,346 பவுண்டு.

எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றது நிதியமைச்சர் டேவிட் லாயிட் ஜார்ஜின் 1909 நிதிநிலை அறிக்கை. பெரும் பணக்காரர்களுக்குக் கூடுதல் வருமான வரி; உழைக்காமலே ஏறிய நில மதிப்பில் 20 சதவீதம் வரி. நாட்டின் நிலத்தைப் பெருமளவு வைத்திருந்த பிரபுக்கள் சபை அதை 350-க்கு 75 என்று நிராகரித்தது. இரண்டு பொதுத் தேர்தல்களுக்குப் பிறகு, 1911-இல், பிரபுக்களின் தடுப்பதிகாரம் சட்டத்தால் வெட்டப்பட்டது. பிறப்பால் வந்த பிரபுக்களில் பெரும்பாலானோர் 1999-இல் வெளியேறினார்கள்; 92 பேர் மட்டும் அப்போது விட்டுவைக்கப்பட்டார்கள். ஆனால் நில வரி என்ன ஆனது? 1920-இல், லாயிட் ஜார்ஜே பிரதமராக இருந்த கூட்டணி அரசு அதை நீக்கியது. இன்று பிரிட்டனில் இளைஞர்களுக்கு வீடு எட்டாக்கனியாக இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் நில மதிப்பைத் தொடும் துணிவு எந்தப் பெரிய கட்சிக்கும் வரவில்லை. அன்றைய ராடிக்கல்கள் தொட்டு, பாதியில் விட்ட வேலை அது.

இத்தனை செய்த இயக்கம் ஏன் சரிந்தது? போர், தலைவர்களின் பகை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை உண்மையே. ஆனால் அதற்கு முன்பே, தன் கொள்கையை எங்கே நிறுத்திக்கொண்டதோ அங்கெல்லாம் அந்த இயக்கம் ஆட்களை இழக்கத் தொடங்கிவிட்டது.

முதலில் பெண்கள். 1905 அக்டோபரில், அதே சுதந்திர வணிக மண்டபத்தில், லிபரல் கூட்டத்தில் எழுந்து பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்ட கிறிஸ்டபெல் பங்க்ஹர்ஸ்டும் ஆனி கென்னியும் வெளியே தள்ளப்பட்டு, கைதாகிச் சிறை சென்றார்கள். மில்லின் கட்சி ஆட்சிக்கு வந்தபின், உண்ணாவிரதம் இருந்த பெண் கைதிகளுக்குக் குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியது. பிரதமர் ஆஸ்குவித் நெடுங்காலம் பெண் வாக்குரிமையை எதிர்த்தார்.

அடுத்து தொழிலாளர்கள். அவர்களுக்காகச் சட்டம் இயற்றத் தயாராக இருந்த உள்ளூர் லிபரல் சங்கங்கள், அவர்களில் ஒருவரை வேட்பாளராக நிறுத்தத் தயங்கின. சுரங்கத் தொழிலாளி கேர் ஹார்டி 1888-இல் லிபரல் வேட்பாளராக விரும்பினார், கிடைக்கவில்லை. தனித்து நின்றார், பிறகு தனிக்கட்சிக்கு வழிகாட்டினார். 1906-இல் லேபர் கட்சிக்கு 29 இடங்கள்தான். 1924 தேர்தலில் அதற்கு 151, லிபரல்களுக்கு 40.

மூன்றாவது இந்தியா. 1908 ஜூலை 7 அன்று, திருநெல்வேலியில், வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதியோர் ஓய்வூதியச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று. இடையில் ஒரு மாதம்கூட இல்லை. அப்போது இந்தியாவுக்கான அமைச்சர் ஜான் மார்லி: மில்லின் சீடர், காப்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், அயர்லாந்தின் தன்னாட்சிக்கு வாதாடியவர். ராஜத்துரோக வழக்குகளில் விழும் கடுந்தண்டனைகளைப் பார்த்துத் திகைத்து அவர் வைஸ்ராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் கடலில் கப்பல் விட்டுச் செய்ததும் வணிகச் சுதந்திரம்தான். காப்டனுக்குப் பெருமை தந்த சொல் தூத்துக்குடிக்காரருக்குக் குற்றமானது. லண்டனில் முதியவருக்குக் கொடுத்த கையும் திருநெல்வேலியில் பூட்டிய கையும் ஒரே அரசின் கைகள் என்பதை நாம் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது.

பிறகு போர் வந்தது. 1914-இல் போரை எதிர்த்து அமைச்சர்கள் மார்லியும் ஜான் பர்ன்ஸும் பதவி விலகினார்கள். தனிமனித உரிமையை உயிராகப் பேசிய கட்சியின் பிரதமர் தலைமையிலான கூட்டணி அரசே 1916-இல் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. அந்த டிசம்பரில் ஆஸ்குவித்தை விலக்கிவிட்டு லாயிட் ஜார்ஜ் பிரதமரானார், கட்சி இரண்டானது. 1918-இன் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையை ஏறக்குறைய 77 லட்சத்திலிருந்து 2 கோடியே 14 லட்சமாக உயர்த்தியது. அந்தச் சட்டத்துக்கு முன் கூடிய அனைத்துக்கட்சி மாநாடு, பெருநகரங்களில் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் பரிந்துரைத்திருந்தது. லாயிட் ஜார்ஜ் அதில் அக்கறை காட்டவில்லை. மக்கள் சபை அதை ஏற்கவில்லை. அந்த அலட்சியத்தின் விலையை அவர் கட்சி நூறாண்டு கொடுத்தது. 1929-இல் 23.6 சதவீத வாக்குக்கு 59 இடங்கள். 1983-இல் சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி சேர்ந்து 25.4 சதவீத வாக்கு பெற்றபோது கிடைத்தவை 23 இடங்கள். 2011-இல் வாக்களிப்பு முறையைச் சற்றே மாற்றலாமா என்று மக்களையே கேட்டார்கள், 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

சொத்தைப் போல மரபும் பங்கு பிரிந்தது. லாயிட் ஜார்ஜின் மகன் க்வில்லிம், கன்சர்வேட்டிவ் அரசில் உள்துறை அமைச்சரானார். மகள் மேகன், 1955-இல் லேபர் கட்சியில் சேர்ந்தார். சிந்தனையும் அப்படியே பிரிந்தது. வேலையின்மையை அரசுச் செலவால் வெல்லலாம் என்று 1929-இல் லாயிட் ஜார்ஜின் திட்டத்தை ஆதரித்து எழுதிய ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் லிபரல். 1942-இல் நல அரசின் வரைபடத்தைத் தந்த வில்லியம் பெவரிட்ஜும் லிபரல். 1945 தேர்தலில் தன் தொகுதியிலேயே தோற்றார். அவருடைய அறிக்கையை நிறைவேற்றியது அட்லியின் லேபர் அரசு. 1948 ஜூலை 5 அன்று பிறந்த தேசியச் சுகாதாரச் சேவையின் பெருமை லேபருக்கே போனது. சுதந்திரச் சந்தை என்ற காப்டனின் சொல்லைப் பிற்காலத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி எடுத்துக்கொண்டது. அதோடு அவர் சேர்த்துப் பேசிய நிலப்பிரபுத்துவ எதிர்ப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைய நிலை என்ன? 2010-இல் 57 இடங்களோடு கன்சர்வேட்டிவ் கூட்டணியில் அமர்ந்த லிபரல் டெமாக்ரட் கட்சி, உயர்த்தமாட்டோம் என்று கையெழுத்திட்டிருந்த பல்கலைக்கழகக் கட்டணத்தை ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்த்த உடன்பட்டது. 2015-இல் 8 இடங்களானது. 2024-இல் 12.2 சதவீத வாக்கில் 72 இடங்கள். 1923-க்குப் பிறகு அந்த மரபுக்குக் கிடைத்த மிகப்பெரிய எண்ணிக்கை. ஆனால் அந்த இடங்களில் பெரும்பகுதி தென் இங்கிலாந்தின் வசதியான ஊர்களில். அன்று கோட்டையாக இருந்தவை லங்காஷயரின் ஆலை நகரங்களும் யார்க்‌ஷயரின் கம்பளி நகரங்களும் வேல்ஸின் பள்ளத்தாக்குகளும். 2024-இலும் வேல்ஸில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை, 1906 போலவே. ஆனால் லிபரல் டெமாக்ரட்டுக்கு அங்கே கிடைத்தது 32-இல் ஒன்று. ஞாயிறு தோறும் அரசியலும் பிரசங்கமும் கலந்து ஒலித்த தேவாலயங்கள் பல, இன்று குடியிருப்புகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. பீட்டர்லூ எனப்பட்ட 1819-இன் அந்தத் தாக்குதலின் நினைவுச் சூட்டில் 1821-இல் பிறந்த 'மான்செஸ்டர் கார்டியன்' செய்தித்தாள், 1959-இல் தன் பெயரிலிருந்து ஊரை எடுத்துவிட்டது. 1964-இல் அதன் ஆசிரியரும் லண்டனுக்குப் போனார்.

பெற்றவற்றைக் கணக்கிட்டால் வருந்த இடமில்லை. வாக்குரிமை, இறைநம்பிக்கையின்மைக்கும் இடம் தரும் நாடாளுமன்றம், முதுமைக்கும் நோய்க்கும் ஓர் ஆதரவு, பிரபுக்கள் தடுக்க முடியாத நிதிநிலை அறிக்கை. இவை இன்று யாருடைய கொள்கையும் இல்லை, எல்லோருடைய உடைமை. இழந்தது வேறு. அரசின் அதிகாரத்தையும் சந்தேகிப்பது, செல்வத்தின் அதிகாரத்தையும் சந்தேகிப்பது, ஏழைக்குச் சோறும் வேண்டும் பேச்சுரிமையும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்பது: இந்த மூன்றும் ஒரே மேடையில் இருந்த காலம் போய்விட்டது. இன்று நலத்திட்டம் பேசுபவர் உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். உரிமை பேசுபவர் நிலத்தையும் சொத்தையும் தொடாதே என்கிறார்.

தனக்குக் கேட்ட உரிமையை அடுத்தவருக்குத் தரத் தயங்கிய இடத்தில்தான் அந்த இயக்கம் தோற்றது. பெண்ணிடமும் சுரங்கத் தொழிலாளியிடமும் அயர்லாந்திடமும் இந்தியாவிடமும் அது பொறு என்றது, அவர்கள் பொறுக்கவில்லை. உரிமையும் நலமும் தருவதாகச் சொல்லி நம் வாசலுக்கு வரும் எந்தக் கட்சியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: உங்களை எதிர்ப்பவருக்கும், உங்களுக்கு வாக்களிக்காதவருக்கும், உங்கள் ஆளுகைக்குக் கீழே இருப்பவருக்கும் இதே உரிமையைத் தருவீர்களா? ஆம் என்று சொல்ல முடியாத கட்சிக்கு எத்தனை இடங்கள் இருந்தாலும், அதன் சரிவு தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.